சாமி தொரையைத் தூக்கியவர்கள்

இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பொம்பிளைப் பிள்ளைகளை மயானத்துக்குக் கூட்டிப் போகும் வழக்கம் இல்லை. தாத்தா இறந்தபோது எனக்கு 11 வயது. நீர்மாலை எடுத்து வந்தார்கள், வாய்க்கரிசி போட்டோம், தப்புக்காரர்கள் அடியை மாற்றினார்கள், பாடை எழும்பியது. பாட்டி, அம்மா, சித்தி, நான், லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் இருந்த பொம்பிளைகள் எல்லோரும் கடைசிக் காம்பராவின், அதாவது கடைசி அறையின், முனை வரைக்கும்தான் போனோம். பாதை வளைந்து தேயிலைக்குள் இறங்கும் இடம் வரை பாடை தெரிந்தது. அப்புறம் தப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. சாயங்காலம் குளித்துவிட்டு வந்த மாமாவிடம், தாத்தாவை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "9ஆம் நம்பர் மலையில புள்ள, ஓடைக்கு மேல" என்றார். தேயிலை நிலத்தை நம்பர் போட்டுப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மலை என்பார்கள். ரொம்ப நாளைக்கு அதுதான் தாத்தாவின் விலாசம் என்று மனசுக்குள் வைத்திருந்தேன்.

அதனால் நான் முதன்முதலில் கால் வைத்த மயானம் வெள்ளைக்காரர்களுடையது. படித்து முடித்து கண்டியில் வேலை கிடைத்த முதல் வருஷம். புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி ஒரு சின்ன ஏற்றம் போகிறது. அதில் இரண்டு நிமிஷம் நடந்தால் பழைய பிரித்தானியப் படையினரின் மயானம். டவுன் இரைச்சல் பாதி வழியிலேயே அடங்கிவிடும். சரிவான புல்தரை, சுற்றிலும் பெரிய மரங்கள், கல்லறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. சில தூண்கள், சில பெட்டிகள், சில வெறும் பலகைக் கற்கள். நான் போன நேரம் மாளிகையில் பூசைக்கு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். மேளச் சத்தம் மரங்களுக்கிடையே ஏறி வந்தது. தாத்தாவுக்கு அடித்த தப்பு ஞாபகம் வந்து, அங்கே இருந்த ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

1815இல் கண்டி ராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. இரண்டே வருஷத்தில், 1817இல், அவர்களுக்கு இங்கே ஒரு மயானம் தேவைப்பட்டுவிட்டது. ஏறக்குறைய 163 கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் அடங்கியவர்கள் 195 பேர். ஒரே கல்லுக்குக் கீழே தாயும் பிள்ளையும், அண்ணனும் தம்பியும் என்று இருக்கிறார்கள். வயசாகிப் போய்ச் சேர்ந்தவர்கள் மிகவும் கொஞ்சம். காய்ச்சல், வாந்திபேதி, சீதபேதி இந்த மூன்றும்தான் அனேகரைக் கொண்டுபோயிருக்கின்றன. வயசை வாசித்துக்கொண்டே நடந்தால் 20க்கும் 30க்கும் இடையிலேயே கண் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு குழந்தைகள். வருஷக் கணக்கில் இல்லாமல் மாசக் கணக்கில் வயசு எழுதப்பட்ட கற்கள். ஊர் பேர் தெரியாத ஒரு நாட்டில் கைக்குழந்தையைப் புதைத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் எழுந்து அடுப்பு மூட்டிய தாய்மார்களை நினைத்தால் எனக்கு அவர்கள் மேல் எந்த வருத்தமும் வருவதில்லை. அந்த அடுப்பை உண்மையில் மூட்டியது யார் என்பது வேறு கதை. அதற்கு வருகிறேன்.

என்னை அங்கே முதலில் நிறுத்தியது கப்டன் ஜேம்ஸ் மக்ளாஷனின் கல்லறை. நெப்போலியன் காலத்துப் போர்களில் நின்றவர். புசாகோ, அல்புவேரா, விட்டோரியா, குவாட்ரே பிரா, கடைசியில் வாட்டர்லூ. அத்தனை பீரங்கிக்கும் தப்பியவர் இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலிருந்து கண்டிக்குக் காட்டு வழியே நடந்திருக்கிறார். கொட்டுகிற மழை. நனைந்த துணியோடேயே படுத்து எழுந்திருக்கிறார். 1817இல் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். வாட்டர்லூ முடிந்து 2 வருஷம்தான்.

அந்தக் கல்லின் முன்னால் நான் நினைத்தது என் பாட்டியின் பாட்டியை. காட்டு வழியே நடந்து, மழையில் நனைந்து, காய்ச்சலில் விழுந்தவர்கள் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது ஒரு கப்டனின் கதை இல்லையே, ஒரு சனத்தின் கதை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் என்று ஊர் ஊராகப் பஞ்சத்துக்குத் தப்பிக் கிளம்பியவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. எல்லாம் கால்நடை. முன்னால் ஆள் சேர்த்துக் கூட்டி வரும் கங்காணி, பின்னால் கூட்டம். தலையில் சட்டி பானை, இடுப்பில் பிள்ளை. தண்ணீர் கிடைக்காத வறண்ட காடு பாதி, அட்டையும் மழையும் உள்ள மலை பாதி. வாந்திபேதி வந்தால் கூட்டம் நிற்காது. நின்றால் எல்லோருக்கும் வரும் என்ற பயம். முடியாதவரை மரத்தடியில் விட்டுவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு நடந்தார்கள் என்று பாட்டி சொல்வார். பாட்டிக்கு அவருடைய பாட்டி சொன்னது. "நடந்து வந்தவக பேரு நமக்குத் தெரியும். விட்டுட்டு வந்தவக பேரு தெரியாது" என்பார். அந்த வடக்கு வீதியில் பஸ்ஸில் போகிற ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு வெளியே எந்த மரம் என்று பார்த்துக்கொண்டே போகிறேன்.

மயானத்துக்குத் திரும்புகிறேன். அங்கே போகிறவர்களிடம் அதிகம் சொல்லப்படுவது விசித்திரமான சாவுகள்தான். டேவிட் ஃபின்ட்லே 1861இல் வீடு இடிந்து விழுந்து இறந்தார். வில்லியம் வாட்சன் மக்வுட் குதிரையிலிருந்து இறங்கும்போது, நடுகைக்கு அடையாளமாக ஊன்றியிருந்த முளை குத்தி இறந்தார். ஜோன் ஸ்பொட்டிஸ்வுட் ரொபர்ட்சனை 1856இல் காட்டு யானை கொன்றது. அப்படி யானையால் இலங்கையில் இறந்த ஐரோப்பியர்களில் அவர் 7ஆவது ஆள், பதிவில் கடைசி ஆளும் அவர்தான். யானை பக்கத்துக் கணக்கை எழுதினால் கல் போதாது. மேஜர் ரோஜர்ஸ் என்று ஒருவர் தனியாளாக 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் இருக்கிற அவர் கல்லறையிலும் இடி விழுந்து கல் பிளந்தது என்பது மலைநாட்டில் எல்லா வயசுக்காரரும் சொல்லும் கதை. யானைப் பாவம் விடாது என்று பாட்டி முடிப்பார்.

எனக்கு அந்த மயானத்தில் மிகவும் முக்கியமாகப் படுபவர் ஜோன் டொய்லி. 1801இல் சிவில் சேவைக்கு வந்தவர். மாத்தறையில் கரதொட தம்மாராம தேரரிடம் சிங்களம் படித்தார். அந்த மொழியறிவுதான் அவருடைய ஆயுதம். கண்டி மன்னனின் பிரதானிகளோடு வருஷக்கணக்கில் கடிதமும் ஒற்றரும் வைத்துப் பேசிப் பேசி, 1815இல் பெரிய சண்டை இல்லாமலே ராச்சியத்தை வாங்கிக் கொடுத்தவர். மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தவரும் அவரே. பிறகு கண்டியிலேயே பிரித்தானியரின் பிரதிநிதியான ரெசிடெண்ட் ஆனார். கல்யாணம் செய்யவில்லை, ஊருக்கும் திரும்பிப் போகவில்லை. 1824 மே 25ஆம் திகதி காய்ச்சலில் இறந்தார். இருக்கிற கல்லறைகளில் உயரமான தூண் அவருடையது.

அவர் வேலையால் ராச்சியத்தை இழந்த மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்த பெயர் கண்ணசாமி, மதுரை நாயக்கர் வழி. 1816இல் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832 ஜனவரியில் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவர் சமாதி இருக்கிறது. ஒருமுறை வேலூருக்கு வைத்தியத்துக்குப் போனபோது நான் தேடிப் போய்ப் பார்த்தேன். கண்டி ராசா வேலூர் மண்ணில், அவருடைய ராச்சியத்தை வாங்கிக் கொடுத்த வெள்ளைக்காரர் கண்டி மண்ணில். இருவருக்கும் அவரவர் ஊர் மண் கிடைக்கவில்லை. அதே வருஷங்களில் வேலூர்ப் பக்கமிருந்தும் அதற்குத் தெற்கேயிருந்தும் எங்கள் ஆட்கள் எதிர்த் திசையில் கடல் தாண்டி வரத் தொடங்கியிருந்தார்கள். கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது 1824இல். டொய்லி செத்த அதே வருஷம். இந்த ஒரு வருஷம் பொருந்துவதில் ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்லலாம். எனக்கு அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது அப்படித் தோன்றவில்லை.

எலிசபெத் கிரகரி சீமாட்டியின் கல்லறையும் அங்கேதான். தேசாதிபதி வில்லியம் கிரகரியின் மனைவி. கல்யாணமாகி இங்கே வந்தவர், ஒன்றரை வருஷம் போல வாழ்ந்து 1873இல் கண்டியில் இறந்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் என்று அந்தத் தேசாதிபதிக்குச் சிலை இருக்கிறது. அது முன்வாசலில் நிற்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடுவார்கள். மனைவியின் கல் இங்கே புல்லுக்கு நடுவில்.

அந்தக் காலத்தோடு இந்த மயானம் மூடப்பட்டுவிட்டது. நகரசபை எல்லைக்குள் புதைக்கக் கூடாது என்று 1870களில் சட்டம் வந்தது. ஏற்கெனவே அங்கே அடங்கியவர்களின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் விசேஷ அனுமதி கொடுத்தார்கள். கடைசியாக 1951இல் ஆனி ஃபிரிட்ஸ் என்ற அம்மா அப்படி வைக்கப்பட்டார். அதன்பிறகு காடு ஏறிக் கிடந்து, 1990களின் இறுதியில்தான் சீர் செய்தார்கள். இப்போது ஒரு கல்லில் பெயர் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை. 1913இலேயே பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி இலங்கை முழுவதும் அலைந்து, ஐரோப்பியக் கல்லறைகளில் இருந்த எழுத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் பிரதியெடுத்து, ஆள் யார், எப்படிச் செத்தார் என்ற விபரத்தோடு அச்சிட்டுவிட்டார். அதை நான் பெரிய சேவையாகவே மதிக்கிறேன். மக்ளாஷன் மழையில் நனைந்தது எனக்குத் தெரியவந்ததும் இப்படிப்பட்ட உழைப்பால்தான். அந்த 163 குழிகளையும் வெட்டியது யார், அந்தப் பெட்டிகளைத் தோளில் ஏற்றியது யார் என்று மட்டும் எந்தக் கல்லிலும் எழுதவில்லை.

அந்தக் கேள்விக்கு ஓரளவாவது பதில் கிடைக்கிற இடம் கண்டியிலேயே இன்னொன்று இருக்கிறது. மஹியாவ மயானம். பழைய மயானம் மூடியபின் டவுனுக்கு அதுதான். பக்கத்திலேயே நகரசபைத் துப்புரவுத் தொழிலுக்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் சனங்களின் குடியிருப்பு. நெருக்கி நெருக்கி வீடுகள், நடுவில் கோயில். அந்த மயானத்துக்குள் ஜேம்ஸ் டெய்லர் இருக்கிறார்.

டெய்லரைத் தேயிலை குடிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கொட்லாந்துக்காரர். 1852இல் 17 வயசு நிறையாத பையனாக வந்தார். ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டம். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வியாபாரத்துக்கென்று நட்ட முதல் தேயிலை அது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் பேர் 7ஆம் நம்பர் மலை. தன் பங்களா வராந்தாவிலேயே கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கம்பி வலையில் காயவைத்துப் பழகினார். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி அழிந்து, கடன்பட்ட தொரைமார் எல்லோரும் டெய்லரின் தேயிலை பக்கம் திரும்பினார்கள். அவரோ 40 வருஷம் அதே ஒரு தோட்டத்தில் இருந்தார். ஊருக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. லீவு எடுத்த ஒரே தடவை டார்ஜிலிங்குக்கு, அதுவும் தேயிலை பார்க்க. கடைசியில் கம்பனி அவரைப் போகச் சொன்னது, அவர் போக மறுத்தார். அந்த இழுபறியின் நடுவிலேயே சீதபேதி வந்து 1892 மே 2ஆம் திகதி, 57 வயசில் இறந்தார்.

டெய்லர் ஆள் பெரியவர். 246 இறாத்தல், கிட்டத்தட்ட 111 கிலோ. லூல்கந்துரையிலிருந்து கண்டிக்கு மலைப்பாதை. அவர் சவத்தைத் தூக்கிப் போக 24 ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 12 பேர். 4 மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றினார்கள். கங்காணிமாரும் தொழிலாளிகளும் பின்னால் நடந்தார்கள். அவர்கள் அவருக்கு வைத்திருந்த பேர் சாமி தொரை.

இதை முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லூல்கந்துர எங்களுக்குத் தூரம் இல்லை. அந்தப் பாதையில் பஸ் எந்த வளைவில் திணறும், எந்த இடத்தில் மழைக்கு மண் சரியும் என்று எனக்குத் தெரியும். மே மாசத்தில் அங்கே மழை எப்படி இருக்கும் என்றும் தெரியும். 12 பேர் தூக்கும்போது இறக்கத்தில் முன்னால் நிற்பவன் தோளில்தான் பாரம் முழுக்கச் சாயும். தாத்தா போல 5 அடி உயரத்து ஆட்கள். காலில் செருப்பு இல்லாதவர்கள். தலைப்பாகைத் துணியைச் சுருட்டித் தோளுக்கு அணையாக வைத்திருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் பாடை தூக்குகிறவர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். மழைக்காலத்தில் வருத்தக்காரர்களைச் சாக்குத் தொட்டிலில் போட்டு மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போவதையும் அந்த அணைத் துணியோடுதான் பார்த்திருக்கிறேன்.

சாமி தொரை என்று கூப்பிட்டது பாசமா, பயமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் கலந்திருந்திருக்கலாம். 40 வருஷம் ஒரே மலையில் தங்களோடு மழையும் குளிரும் பட்ட ஆளுக்காக நடந்தார்கள் என்பதை நான் நம்புகிறேன். அவர்களுடைய அன்பை இன்றைக்கு நாம் சந்தேகப்படுவது அவர்களுக்கு மரியாதை இல்லை. எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். சவத்தின் எடை எழுதியிருக்கிறது. எத்தனை மைலுக்குத் தோள் மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறது. 24 என்ற எண்ணிக்கை எழுதியிருக்கிறது. எழுதியவர் கையில் பேனாவும் மையும் இருந்தன, பெரட்டுக் களத்தில் தினமும் பேர் கூப்பிடும் செக்ரோல் புத்தகமும் தோட்டத்தில் இருந்தது. 24 பேரின் பேரையும் எழுத அரைப் பக்கம் போதும்.

மஹியாவில் டெய்லரின் கல்லைப் போய்ப் பார்த்தேன். பேர், லூல்கந்துர தோட்டம், இந்தத் தீவில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி, இறந்த திகதி, வயசு. நல்ல ஆழமாக வெட்டிய எழுத்து. விரல் வைத்துத் தடவினால் 'லூல்கந்துர' என்ற சொல்லின் ஒவ்வொரு எழுத்தும் தட்டுப்படுகிறது. ஸ்கொட்லாந்தில் பிறந்த ஊரின் பேர் அதில் இல்லை. அவருடைய ஊர் எது என்று அவரை வைத்தவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஊர் எது என்பதுதான் எப்போதுமே தகராறு. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கிற சீசனுக்கு வந்துவிட்டுத் திரும்பி நடப்பார்கள். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும், கொழுந்துக்குப் பொம்பிளை ஆள் வேண்டும். அதனால் குடும்பமாக வந்து லயத்தில் நிலைத்தார்கள். கோயில் கட்டினார்கள், மயானத்துக்கு ஒரு மூலை கேட்டு வாங்கினார்கள். செத்தவர்களை மண்ணில் வைத்த பிறகுதான் ஒரு இடம் சொந்த ஊர் ஆகிறது என்று நான் நினைக்கிறேன். அப்படி மூன்று நாலு தலைமுறையை மண்ணில் வைத்த பிறகு, 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நீங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்றது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்தியாவுக்குக் கப்பலேற ஆட்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு எங்கள் பக்கம் ஒப்பாரிக் கோச்சி என்று பேர்.

பாட்டியின் தம்பி குடும்பம் அந்தக் கோச்சியில் போனது. போவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் தனியாக மயானத்துக்குப் போய், தன் அப்பனை வைத்த இடத்து மண்ணை ஒரு சின்ன டின்னில் எடுத்து வந்தாராம். பழைய பால்மா டின். இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் சாமான்களைக் கொட்டிச் சோதித்தபோது அது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். என்ன பதில் சொன்னார் என்று பாட்டிக்குக் கடிதத்தில் எழுதவில்லை, மண் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினார். அந்த டின் இப்போது கோத்தகிரியில் அவர் பேரன் வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான்.

2023இல் மலையக மக்கள் வந்த 200 வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனார்கள். நானும் கடைசி இரண்டு நாள் சேர்ந்துகொண்டேன். மாத்தளையை நெருங்கும்போது முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் தெரிகிறது. அந்தக் காலத்தில் நடந்து வந்தவர்கள் இனிச் சாக மாட்டோம் என்று மூச்சு விட்ட இடம் அதுதான். பக்கத்தில் நடந்த ஒரு வயசான அம்மா கைநிறையப் பூ வைத்திருந்தார். கோயிலுக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, வழியில் பெரிய மரங்களைக் கண்ட இடத்திலெல்லாம் அடியில் ஒரு பூ வைத்துக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்த கிழமை மாமாவுக்குப் போன் எடுத்தேன். தாத்தாவை வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி வா. காலையில வெள்ளனா வா, மழைக்கு முன்ன போயிட்டு வந்திருவோம்" என்றார். பாட்டி இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் கையில் ஒரு போத்தல் தண்ணீரும் கொஞ்சம் கற்பூரமும் கொடுத்தார்.

9ஆம் நம்பர் மலை இப்போது பாதி காடு. கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை, செடியாக இல்லாமல் மரமாக நின்றது. தலைக்கு மேலே பூத்திருந்தது. மாமா முன்னால் கத்தியால் மானாப்புல்லை வெட்டிக்கொண்டே போனார். ஓடைக்கு மேல் ஒரு சமதரை. அங்கங்கே மண் மேடு, சிலதில் சாமந்திச் செடி, ஒன்றில் இற்றுப்போன மரச் சிலுவை, ஒன்றில் குப்புறக் கவிழ்ந்த சட்டி. மற்றபடி எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. மாமா நின்று, ஒரு சவுக்கு மரத்தைப் பார்த்து, அதிலிருந்து காலடி எண்ணினார். 11. இன்னொருமுறை போய் எண்ணினார், அப்போதும் 11. "இங்க" என்றார். "இதுக்குப் பக்கத்துல உங்க பாட்டி. அந்தப் பக்கம் எங்க பெரியப்பா. இந்தக் கணக்கு எனக்கு மட்டுந்தான் தெரியும் புள்ள. நான் போயிட்டா மரத்தத்தான் கேக்கணும்."

கற்பூரம் ஈரத்தில் பிடிக்க நேரமானது. பிடித்தபின் நான் அந்த இடத்தைப் போனில் படம் எடுத்தேன். சவுக்கு மரத்தையும் எடுத்தேன். மாமா சொல்லச் சொல்ல, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். பேர், எந்த லயம், என்ன வேலை, சுமாராக எந்த வருஷம், எத்தனை காலடி. அன்றைக்கு 31 பேர் சேர்ந்தார்கள். மழை வந்துவிட்டது, மிச்சத்தை லயத்தில் உட்கார்ந்து எழுதினோம். அடுத்த காம்பராக்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். எங்க அப்பாவையும் எழுது, எங்க ஆத்தாளையும் எழுது என்று. இரவு 9 மணிக்குள் 74 ஆகிவிட்டது.

போன மாசம் தாத்தாவுக்குக் கல் வெட்டச் சொல்லி டவுனுக்குப் போனோம். பெரிய கல் இல்லை, ஒன்றரை அடி. கல் வெட்டுகிறவர் எழுத்துக் கணக்கில் காசு வாங்குகிறார். பேர், வயசு, இறந்த திகதி சொன்னேன். என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். கவ்வாத்து வெட்டினார், 38 வருஷம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, ஊர் என்ன போட என்று கேட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். தாத்தாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த மனுவில் திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்று, அப்பன் வந்த ஊர் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தது இன்னொன்று.

மாமா பேனாவை வாங்கி, தோட்டத்தின் பேரை எழுதினார். அதற்குப் பின்னால், '9ஆம் நம்பர் மலை' என்றும் எழுதி, எத்தனை எழுத்து கூடுது என்று கல்காரரிடம் கேட்டார்.